தொட்டி மணலை நான் தட்டினது பற்றி

அனுப்புநர்:
மாடல் தொட்டிக்கு மணல் நிரப்பும் உதவியாளர்,
மண் பரிசோதனை லேப்.

பெறுநர்:
கட்டட அனுமதி அதிகாரி அவர்கள்.

பொருள்: ஆத்தோர அடுக்குமாடிக் கட்டடத்தில், வியாழக்கிழமை கான்கிரீட் ஊற்றும் முன், மண்ணுக்குள் இறக்கிய அஸ்திவாரத் தூண்களில், அதாவது நிஜப் பைல்களில், ஒன்றையாவது எடை ஏற்றி லோடு டெஸ்ட் செய்யக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

மனு பாஷை எனக்கு ஓடாது. பேசுற மாதிரியே எழுதுறேன், கோவிச்சுக்காதீங்க.

1. அந்தக் கட்டடத்துக்கு எவ்வளவு ஆழத்துக்கு பைல் இறக்கணும்னு பார்க்க எங்க லேப்ல மாடல் பண்ணாங்க. விரல் தடிமன் அலுமினியக் குழாய்தான் பைல். அதைத் தொட்டியில நிறுத்தி, சுத்தி மணலை சல்லடை வழியா ஒரே உயரத்துல இருந்து தூவணும். அப்பதான் ஆத்தோர மண்ணு மாதிரி பொலபொலன்னு இருக்கும். அப்புறம் எடைக்கல் அடுக்கி, எப்ப இறங்குதுன்னு பார்ப்பாங்க. தூவுறது என் வேலை.

2. அன்னைக்குப் பெரிய ஆளுங்க பார்க்க வர்றதா இருந்துச்சு. மணல் மேடும் பள்ளமுமா கிடந்துச்சு. போட்டோவுக்கு அசிங்கமா இருக்குமேன்னு ரப்பர் சுத்தியால தொட்டிய நாலு பக்கமும் தட்டிச் சமமாக்கினேன். சர்க்கரை டப்பாவைத் தட்டினா இன்னொரு பிடி உள்ள போகும்ல, அதே கதைதான். மணல் இறுகிடுச்சு. பைல் நாப்பது கிலோ தாங்குச்சு. எல்லாருக்கும் சந்தோஷம். எனக்கும்தான்.

3. கம்ப்யூட்டர் கணக்கு முதல்ல இவ்வளவு தாங்காதுன்னுதான் சொல்லுச்சு. தொட்டி பொய் சொல்லாதுன்னு, கிராஃப்ல தொட்டிக் கோடும் கம்ப்யூட்டர் கோடும் ஒண்ணா வர்ற வரைக்கும் கம்ப்யூட்டர்ல மண்ணோட பலத்தை ஏத்திக்கிட்டே போனாங்க. வந்துச்சு. பதினெட்டு மீட்டர் ஆழம் போக வேண்டிய பைல், பதினாலே போதும்னு ஆச்சு. எல்லாம் இறக்கியும் ஆச்சு.

4. எனக்கு உறுத்திச்சு. ஒரு சாப்பாட்டு நேரத்துல தட்டாம தூவி, மறுபடி ஏத்திப் பார்த்தேன். இருபத்தாறு கிலோவுலேயே உட்கார்ந்துடுச்சு. இன்ஜினியர்கிட்ட ஓடினேன். மாடலும் கம்ப்யூட்டரும் ஒண்ணா சொல்லுது, நாலாவது செமஸ்டர்ல காலேஜை விட்டு ஓடி வந்தவன் நீ எனக்குப் பாடம் எடுக்குறியான்னு கேட்டார். ஐயா, கம்ப்யூட்டர் தனியா எதுவும் சொல்லல. என் சுத்தி சொன்னதைத்தான் திருப்பிச் சொல்லுது.

5. போன வாரம் உங்க ஆபீசுக்கு வந்தேன். லேப் முத்திரை இல்லாம மனு வாங்க மாட்டோம்னாங்க. முத்திரை இன்ஜினியர் டிராயர்ல இருக்கு.

6. அந்தக் கட்டடத்துல நாலாவது மாடி வீடு எங்க அக்காவுக்கு. மாமா கட்டில் போட அளவெடுத்து வச்சுட்டார். பிள்ளைங்க ஜன்னலோரம் யாருக்குன்னு அடிச்சுக்குதுங்க. அக்காகிட்ட சொன்னா, நல்ல காரியத்துல வாயை வைக்காதடான்னு திட்டுது.

பைல் தலைங்க இன்னும் வெளியில தெரியுது. மேல கான்கிரீட் ஊத்திட்டா எந்தப் பைல் மேலயும் தனியா எடை ஏத்திப் பார்க்க முடியாது. எனக்கு வேற யாரைப் பிடிக்கிறதுன்னு தெரியல. ஒரே ஒரு பைல் மேல எடை ஏத்திப் பாருங்க ஐயா. அது தாங்கிட்டா என்னை வேலையை விட்டுத் தூக்கிடுங்க. அக்கா கட்டிலை நானே தோள்ல வச்சு நாலு மாடியும் ஏத்தித் தர்றேன்.

நாள்: திங்கட்கிழமை
இடம்: உங்க ஆபீஸ் வாசப்படி

இப்படிக்கு,
(கையொப்பம்)
மணலைத் தட்டின ஆள்

இணைப்பு: ரப்பர் சுத்தி, ஒன்று.