அருளப்பர் பூ

கடலூர் முதுநகர்,
தவக்காலம் இரண்டாம் வாரம், செவ்வாய்க்கிழமை.

அன்பு மகன் சார்லஸுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நான் நடமாடிக்கொண்டிருக்கிறேன், உன் அம்மா எழுந்து உட்காருகிறாள், நீ அந்த ஜெர்மனிக் குளிரில் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். சுகம் விசாரித்தாயிற்று. இனி எழுதப்போவதெல்லாம் கோபத்தில் எழுதுவது, உட்கார்ந்து முழுசாகப் படி, போனில் செய்கிற மாதிரி மீட்டிங் இருக்கிறது என்று பாதியில் வைத்துவிட்டுப் போகாதே. போனிலேயே கேட்டிருப்பேன், ஆனால் வீடு இருப்பதே இரண்டு அறை, நான் கொஞ்சம் குரலை உயர்த்தினால் போதும், உன் அம்மா கட்டிலில் இருந்தபடியே இடது கையை ஆட்டி வேண்டாம் வேண்டாம் என்கிறாள். பெற்ற பிள்ளையைத் திட்டக்கூட எனக்கு இந்த வீட்டில் இடமில்லை, அதனால்தான் பேப்பர்.

ஞாயிற்றுக்கிழமை என்னடா சொன்னாய்? அது வெறும் பூப்பா, மூலிகைல ஏதுப்பா சைடு எஃபெக்ட், அம்மாவுக்கு வேற ஏதாச்சும் காரணத்தால வந்திருக்கும் என்றாய். வெறும் பூவா? போன ஆகஸ்டில் உன் அம்மாவின் இருதயத்தில் செயற்கை வால்வு வைத்தார்கள், அதில் ரத்தம் உறைந்துவிடாமல் இருக்கத்தான் ஆயுசுக்கும் அந்தச் சின்ன மாத்திரை, மாதம் ஒரு தடவை பஸ் ஏறிச் சிதம்பரம் போய் ரத்தம் கொடுத்துப் பார்ப்பது, இதெல்லாம் உனக்குத் தெரியும். ஆபரேஷனுக்கு வந்து ஆறாம் நாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவன் நீ. அன்றைக்கு ஆரம்பித்தது அவளுக்கு அழுகையும் தூக்கமில்லாமையும். வீடியோவில் அதைப் பார்த்தாய், உன்னால் வர முடியவில்லை, கிறிஸ்துமஸ் லீவுக்கு வந்த நெல்லிக்குப்பம் ஆரோக்கியராஜிடம் சாக்லேட்டோடு சேர்த்து அந்தப் பூவில் செய்த மாத்திரை இரண்டு பாட்டில் கொடுத்து அனுப்பினாய். அவள் அழுதது உனக்காக, வந்து சேர்ந்தது மாத்திரை.

அந்த ஆரோக்கியராஜாவது கொடுத்துவிட்டுச் சும்மா போனானா? இது இயேசுவுக்கே ஞானஸ்நானம் குடுத்த ஸ்நாபக அருளப்பர் பூ ஆண்ட்டி, அவர் திருநாள் சமயத்துலதான் பூக்கும், கசக்கினா ரத்தம் மாதிரி செவப்பா வரும், அவர் ரத்தம்னே அங்க சொல்லுவாங்க, சாமியார் மடத்துலகூட வளக்குறாங்க என்று கதை சொன்னான். உன் அம்மா அந்தோணிமேரிக்கு அது போதாதா? டாக்டர் கொடுக்கிற மாத்திரையை வேண்டாவெறுப்பாக முழுங்குகிறவள், இந்தப் பாட்டிலை எடுத்துக் குழந்தை இயேசு படத்துக்குக் கீழே வைத்தாள். தினம் காலையில் மூடியின் மேல் சிலுவை போட்டு, ஒரு அருள் நிறைந்த மரியே சொல்லிவிட்டுப் போட்டுக்கொண்டாள். அவள் கணக்கில் அது மருந்தே இல்லை, லூர்து தீர்த்தம் மாதிரி ஒன்று. ஜனவரியில் சிதம்பரத்தில் டாக்டர் பவானி, ரத்தம் திடீரென்று கெட்டியாகிறதே, வேற ஏதாவது சாப்புடுறீங்களா, நாட்டு மருந்து, லேகியம் ஏதாச்சும் என்று கேட்டார்கள். இல்லீங்கம்மா என்றாள் உன் அம்மா. அது பொய் என்றே அவளுக்குத் தோன்றவில்லை. டாக்டர் மாத்திரையைக் கூட்டி எழுதிக் கொடுத்தார்கள். பத்தாம் நாள் காலையில் அடுப்படியில் வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருந்தவள் கையிலிருந்து பூ நழுவி விழுந்தது. என்னைப் பார்த்து ஏதோ சொன்னாள், ஒரு வார்த்தைகூட விளங்கவில்லை. வாய் கோணிப்போயிருந்தது. நூற்றெட்டு வண்டி வருவதற்குள் நான் பட்ட பாட்டை உனக்கு எழுத மாட்டேன்.

அந்தப் பாட்டில் ஞாபகம் வந்து டாக்டரிடம் எடுத்துப்போனது அதற்கு அப்புறம்தான். டப்பாவுக்குள் மடித்து வைத்திருந்த ஜெர்மன் காகிதத்தை அங்கே வேலை பார்க்கிற பெண் போனில் படம் பிடித்தாள், அது தமிழில் வந்தது. ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுகிறவர்கள் இதைச் சாப்பிடக் கூடாது, அந்த மருந்தின் வேகத்தை இது குறைத்துவிடும் என்று அச்சடித்துப் போட்டிருக்கிறானடா, சார்லஸ். நீ ஜெர்மன் பரீட்சை பாஸ் பண்ணின அன்று உன் அம்மா தெரு முழுக்கக் கேசரி கொடுத்தாள். அந்தப் பாஷையில் ஒரு எழுத்து தெரியாத எங்களுக்கு அனுப்பினாயே, அனுப்புவதற்கு முன்னால் அந்த ஒரு காகிதத்தை நீ பிரித்துப் பார்த்தாயா? மூலிகை என்றால் படிக்க வேண்டியதில்லை என்று உனக்கு யார் சொன்னது?

டாக்டர் பவானி மூலிகையைக் கேவலமாகப் பேசுகிறவர் இல்லை. வேலை செய்யாதுன்னா நான் ஏங்க பயப்படுறேன், வேலை செய்யுறதாலதான் பயப்படுறேன் என்றார்கள். காட்டுமன்னார்கோயில் அம்மா ஒருத்தருக்குச் சிங்கப்பூர் மருமகன் சீனாக்காரன் வேர் அனுப்பி இதே மாதிரி ஆனதாம். உங்க சம்சாரம் தினம் முழுங்குற மாத்திரையே அமெரிக்காவுல கெட்டுப்போன புல்லத் தின்னு மாடுங்க ரத்தம் நிக்காம செத்ததுலேருந்து கண்டுபிடிச்சதுதான், எல்லா ஊர்லயும் செடிக்கு வேகம் இருக்கு, ஒண்ணு மேல ஒண்ணு விழும்போது கேட்டுட்டுச் செய்யணும் என்றார்கள். கேட்டுக்கொண்டிருந்த எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஏன் என்று சொல்கிறேன்.

சிப்காட்டில் முப்பத்தோரு வருஷம் பாய்லர் பார்த்தவன் நான். லேபிள் இல்லாத டிரம்மை ஒருநாளும் தொட்டதில்லை, ஷிஃப்ட் இன்சார்ஜைக் கேட்காமல் ஒரு லைனை இன்னொரு லைனோடு சேர்த்ததில்லை. அப்படிப்பட்டவன், ஆபரேஷன் பண்ணின உடம்பு ரத்தம் ஊறட்டும் என்று, பொங்கலிலிருந்து தினம் காலையில் கொல்லை மரத்து முருங்கைக்கீரையை ஒரு பிடி உருவி சூப்பு வைத்துக் கொடுத்தேன். அதுவும் டாக்டர் மாத்திரையை வேலை செய்ய விடாமல் இழுத்துப் பிடிக்குமாம். டாக்டர் கேட்டபோது பக்கத்தில் நின்று, எங்க வூட்ல அந்தப் பழக்கமே கெடயாதுங்க என்று பெருமையாகச் சொன்னவன் நான்தான். கீரையை அளவு மாற்றாதே, மூலிகை எதையும் கேட்காமல் தொடாதே என்று டிஸ்சார்ஜ் அன்றே தமிழில் பேப்பர் கொடுத்திருக்கிறார்கள். அது பிஸ்கட் டின்னில் இருந்தது. உன்னைத் திட்டுகிற வாயால் என்னையும் திட்டிக்கொண்டுதான் இருக்கிறேன், அதற்காக உன் பங்கு குறையாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீ அனுப்பின பூ மாத்திரை சாப்பிட்ட அந்தச் சில வாரம் அவள் நன்றாகத் தூங்கினாள், பாத்திரம் கழுவும்போது பாட்டு முணுமுணுத்தாள். அதைப் பார்த்து, மகன் மருந்து மகன் மருந்துதான் என்று நானே கேலி செய்தேன். இப்போது அதுதான் வினையாகி நிற்கிறது. இரண்டாவது பாட்டிலைக் காணோம். அரிசி டிரம், பீரோ, தலையணை உறை எல்லாம் பார்த்துவிட்டேன். கேட்டால் தீந்துபோச்சு என்கிறாள், வாய் குழறினாலும் அந்த ஒரு பொய் மட்டும் தெளிவாக வருகிறது. அருளப்பர் பூ கெடுதல் செய்யாது, சார்லஸ் அனுப்புனது கெடுதல் செய்யாது என்பது அவள் வாதம். பாட்டிலைக் கொடுத்துவிட்டால் உன் மேல் தப்பு என்று ஒப்புக்கொண்டதாகிவிடுமாம். இன்னொரு தடவை அப்படி வந்தால் ஆள் கிடைக்க மாட்டாள் என்று டாக்டர் என்னிடம் நேராகவே சொல்லிவிட்டார்கள்.

ஆகையால் இதைப் படித்ததும் நீ செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. அவளுக்குப் போன் போடு. எனக்கு இல்லை, அவளுக்கு. நான் படிக்காமல் அனுப்பிட்டேம்மா, தப்பு என்னுதும்மா, அந்த பாட்டிலை அப்பாகிட்ட குடுத்துடு என்று உன் வாயால் சொல். நான் சொன்னால் ஒளிப்பாள், நீ சொன்னால் எடுத்துத் தருவாள். அப்புறம் லீவு கேள். காரணம் கேட்டால் அம்மா என்று சொல், அந்த ஊரிலும் அம்மா இருப்பாள்.

ஆண்டவரும் மாதாவும் உன்னைக் கைவிடாமல் காப்பார்களாக. வேளைக்குச் சாப்பிடு. குளிர் ஜாஸ்தி என்றால் காதை மூடிக்கொண்டு போ. என்ன எழுதுறீங்க என்று அம்மா கேட்டாள், சுகம் விசாரித்த இடத்தை மட்டும் வாசித்துக் காட்டினேன். அப்புறம் பேனாவைக் கேட்டு வாங்கினாள். பக்கத்தின் ஓரத்தில் கோணலாக ஒரு சிலுவை இருக்கிறதே, அது அவள் போட்டது. நீ கிளம்பும்போதெல்லாம் உன் நெற்றியில் போடுவாளே, அதுதான். வலது கை இன்னும் பேனா பிடிக்கவில்லை, இடது கையால் போட்டாள், கால் மணி நேரம் ஆயிற்று. நீ வரும்போது நன்றாகக் குனிந்து நில். அவள் கை இப்போது அவ்வளவு உயரத்துக்கு வருவதில்லை.

கோபம் தீராத உன் அப்பா,
மா. இருதயசாமி