குசினிப் பேணிகளில் கிரேக்கம்

என்ர அரைப் பட்டதாரிக்கு,

முதலில ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிப்போடுறன். நீர் மெல்பேர்னுக்குப் படிக்கப் போனதைக் கோயிலில ஒருத்தருக்கும் நான் சொல்லேல்லை. மெல்பேர்ன் பக்கம் ரோவிலில இருக்கிற உம்மட தங்கச்சிக்குப் பிள்ளைப்பேறு பாக்கப் போட்டா எண்டு சொன்னனான். தங்கச்சிக்கு ஐம்பது வயது எண்டது பிறகுதான் நினைவு வந்தது.

கிரேக்கச் சோதனையில பெயில், விட்டிட்டு வாறன் எண்டு போனில அழுதீர். வீடு வெறிச்செண்டுதான் கிடக்கு. எண்டாலும் வராதேயும். ஐம்பத்திரண்டு வயதில இறையியலும் பழைய கிரேக்க இலக்கியமும் சேர்த்துப் படிக்கத் துணிஞ்ச மனிசி ஒரு சோதனைக்குப் பயந்து வந்தா, நான் ஆரை வைச்சுப் பெருமை பேசுறது?

வெள்ளிக்கிழமை கோயிலில உண்மையைச் சொல்லிட்டன். "இந்த வயசிலயோ?" எண்டார் எங்கட கோயில் கூட்டாளி அருந்தவன். "ஓம், சீரியல் பாக்க அவவுக்கு நேரமில்லை" எண்டன்.

உமக்குத் துணையா நானும் படிக்கிறன். நீர் பிரிட்ஜில ஒட்டிவிட்ட கிரேக்க எழுத்துகளைப் பாத்து, குசினியில உப்பு, சீனி போட்டு வைக்கிற பேணியளுக்கெல்லாம் புதுப் பெயர் எழுதி ஒட்டினன். பழைய தமிழ்த் துண்டுகளைக் கிழிச்சு எறிஞ்சிட்டன்.

இண்டைக்கு அருந்தவன் வீட்டுக்கு வந்தவர். தேத்தண்ணி குடுத்தன். சீனி எண்டு போட்டது இரண்டு கரண்டி உப்பு. ஒரு வாய் குடிச்சிட்டு, "அவ எப்ப திரும்பி வருவா?" எண்டு கேட்டார்.

"படிச்சு முடிச்சாப் பிறகு" எண்டன்.

உம்மட
எட்டாம் வகுப்பு மனிசன்