விரல் மடங்கியதும் குட்டி போனதும்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன், இங்கே எங்களுக்கும் பொழுது போகிறது. போனில் கேட்டால் அப்பா எல்லாம் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார், அதனால் நாய்க்குட்டி விஷயத்தை நானே எழுதிவிடுகிறேன்.

நீ வர முடியவில்லை என்று அதை வாங்கி அனுப்பினாயே, வந்த நாளிலிருந்து கண்டதையும் கடித்தது. விளையாட்டுக் கடிதான், ஆனால் நான் தையல் மிஷினை மிதிக்கும்போது காலைக் கவ்வும், துணி தொங்கினால் பிடித்து இழுக்கும். அப்பாவுக்கோ அது கடித்தால் சந்தோஷம். பக்கவாதம் வந்த வலது கையை அதன் வாயருகே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒருநாள் ஏய், வலிக்குதுடி என்று என்னைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டுச் சிரித்தார். எட்டு மாதம் மரத்துக் கிடந்த கை. அவர் கைக்குப் பயிற்சி கொடுக்க வருகிற பெண், நல்லதுதான் சார், ஆனா அழுத்திக் கடிச்சா ஆன்னு கத்திட்டுத் திரும்பிக்கோங்க, கொஞ்சம் கழிச்சு முடிச்சு போட்ட துணியைக் கடிக்கக் கொடுங்க, தானா கத்துக்கும் என்றாள். அவரும் அப்படியே செய்தார். பத்து நாளில் குட்டி பல் படாமல் கவ்வப் பழகிவிட்டது, அவருடைய சுண்டுவிரலும் மடங்கியது. எட்டு மாதம் அந்தக் கையை எண்ணெய் போட்டு நீவியவள் நான். எனக்கு மடங்காத விரல் நாய்க்கு மடங்கியது.

அதற்கப்புறம் ஒருநாள், டாக்டரம்மாவுக்குக் கூலிக்குத் தைத்து மாட்டியிருந்த வெள்ளைக் கோட்டை அது கிழித்துவிட்டது. அப்பா குளித்துக்கொண்டிருந்தார். குட்டியை முழங்காலில் இடுக்கிக்கொண்டு கோட்டு தைக்கிற பெரிய ஊசியால் மூக்கில் குத்தினேன். கோபத்தில் செய்தேன் என்றால் அது முதல் நாளுக்குத்தான் சரி. அடுத்த மூன்று நாளும் அவர் குளிக்கப் போனதும் என் விரலை நானே அதன் வாயில் வைத்தேன், பல் பட்டதும் குத்தினேன். பிறகு அது யாரையும் கடிக்கவில்லை. அப்பா கையை நீட்டினால் தரையோடு ஒட்டிக்கொண்டு மூத்திரம் விட்டது. இரண்டு நாள் கூப்பிட்டுப் பார்த்தார், மூன்றாம் நாள் மடியில் தூக்கி வைத்து மூக்கைப் பார்த்துவிட்டு, நீ என்ன பண்ணின என்று கேட்டார். கடிக்கக்கூடாதுன்னு கத்துக்கொடுத்தேன் என்றேன். அவர் திட்டவில்லை. அந்தப் பெண் வந்ததும், இதை நீ கொண்டுபோயிடும்மா, இங்க இருந்தா செத்துடும் என்று கொடுத்துவிட்டார். இப்போது எண்ணெய் தேய்க்கவும் சோறு ஊட்டவும் என்னை விடுவதில்லை. இடது கையால் பாதியைச் சட்டையில் கொட்டிக்கொண்டு அவரே சாப்பிடுகிறார். சுண்டுவிரல் பழையபடி மடங்காமல் நின்றுவிட்டது.

நேற்று சட்டையை மாற்றிவிடும்போது, புள்ளைகிட்டயும் நீ இப்படித்தான் இருந்தியா, அதனாலதான் அவ வர்றதே இல்லையா என்று கேட்டார். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது, அவர் வேலைக்குப் போன நேரங்களில் வீட்டில் நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. இல்லை என்று சொல்லிவிட்டேன்.

இருவரும் ஒரு குறையும் இல்லாமல் நீண்ட நாள் வாழவேண்டும். குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ. ஞாயிற்றுக்கிழமை போனில் உன்னிடமும் கேட்பார். நீயும் இல்லை என்றே சொல்.

இப்படிக்கு,
உன் அம்மா