பெரிய கட்டும் சின்ன வீக்கமும்

தாராவி, பம்பாய்
12-2-1966

பிரியமுள்ள சைனப் மதினிக்கு,

சுகம் விசாரிப்பதற்கு முன்னால் எங்கள் வீட்டுப் பிள்ளைகள் சங்கதியைச் சொல்லிவிடுகிறேன். கடைசியில் எழுதலாம் என்று வைத்தால் இன்லண்டில் இடம் போதாது. அப்புறம் ஓரத்தில் சுற்றிச் சுற்றி எழுதுவேன், நீங்கள் கடிதத்தைத் தட்டாமாலை சுற்றிப் படிக்க வேண்டிவரும்.

மூத்த பேரன் பிரம்மநாயகம் இங்கே கோட்டைப் பக்கம் ஒரு ஆபீசில் டைப் அடிக்கிறான். ஒரு எழுத்துத் தப்புக் கிடையாது என்று மேனேஜர் எல்லார் முன்னாலும் சொன்னாராம். அய்யாத்துரை பள்ளிக்கூடத்தில் மராத்தியில் பேசிக் கப்பு வாங்கி வந்தான். என்ன பேசினான் என்று எங்களில் ஒருவருக்கும் விளங்கவில்லை, ஆனாலும் கை தட்டினோம். பூமாரி அரைப்பரீட்சையில் முதலாவது. அவள் படிப்பது அஞ்சாம் வகுப்பு. நான் படித்து நிறுத்தியதும் அதே வகுப்புதான். அடுத்த வருஷம் அவள் என்னைத் தாண்டிவிடுவாள் மதினி, இப்பவே எனக்கு நெஞ்சு நிறைந்து கிடக்கிறது.

இனி நம்ம பிச்சையா. தீபாவளிக்கு முந்தி மாட்டுங்கா மைதானத்தில் அவனும் உங்கள் பேரன் உதுமானும் ஒரே பந்துக்கு எம்பி, ஒருத்தர் மேல் ஒருத்தர் விழுந்தார்களே, அன்றைக்குப் போட்ட மாவுக்கட்டைப் போன வாரம் வெட்டி எடுத்தார்கள். உள்ளே கால் முருங்கைக்காய் மாதிரி இருக்கிறது. ஆனால் ஊன்றுகிறான். நேற்றுக் கம்பில்லாமல் குழாயடி வரைக்கும் போய்விட்டு வந்தான். எங்கள் சாலில் வரிசை வீடுகளில் உள்ள பெண்டுகள் எல்லாம் குடத்தைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்கள். அடியில்லாத கூடைக்குள் பந்தைப் போடுவதற்கு இந்தப் பாடு!

முழங்காலுக்குக் கீழே ரெண்டு எலும்பும் ஒடிந்து, தொடை வரைக்கும் கட்டுப் போட்டவன் நடந்துவிட்டான். உதுமானுக்கு ஆண்டவன் புண்ணியத்தில் வீக்கத்தோடு போயிற்று. ஒரு முழத் துணி சுற்றக்கூட அவசியம் வரவில்லை. அப்படியிருக்க, அவன் இன்னும் கட்டிலில் சாய்ந்துகொண்டிருக்கிறான் என்று எழுதியிருக்கிறீர்களே. நீங்கள் இங்கே இருந்த பட்டறையை மூடிவிட்டுக் குடும்பத்தோடு மேலப்பாளையம் போனதுதான் தப்பு. உங்கள் கூடப்பிறந்த ரவூப் அண்ணன் வீட்டுச் சாப்பாடு பிள்ளையை எழும்ப விடவில்லை. செல்லம் கொடுக்காதீர்கள், நடக்கச் சொல்லுங்கள்.

எதற்காகச் சொல்கிறேன் என்றால், ரயில்வே டீமுக்கு ஜூன் மாதம் ஆள் எடுக்கிறார்களாம். பையன்களுக்கு ஆட்டம் பழக்கிய நாணு மாஸ்டர் ரெண்டு பேர் பெயரையும் கொடுத்திருக்கிறார். எடுத்துவிட்டால் ரயில்வேயில் வேலை, ஆயுசுக்கும் கவலையில்லை. உதுமான் எங்கள் வீட்டிலேயே தங்கட்டும். டீம் போட்டோ சுவரில் மாட்டியிருக்கிறது. பின்வரிசையில் அவன் தலை மட்டும்தான் தெரிகிறது. முழு ஆளாக வந்து நிற்கச் சொல்லுங்கள்.

முத்தாரம்மன் காப்பாற்றினாள். கும்பிட்டுக்கொண்டே எழுதும்,
பார்வதியம்மாள்

---

மேலப்பாளையம்
3-3-1966

என் பார்வதி மதினிக்கு சைனப் எழுதுவது.

பிச்சையா நடந்தான் என்று கேட்டதும் இங்கே தெருவில் உள்ள பிள்ளைகளுக்குச் சீனி கொடுத்தேன். அல்லாஹ் அவன் காலை இரும்பாக்கி வைக்கட்டும். அய்யாத்துரை மராத்தி பேசியதற்கு நானும் இங்கிருந்து ஒரு தட்டு தட்டிவிட்டேன்.

ஆனால் மதினி, நீங்கள் ரேஷன் கடைத் தராசு மாதிரி ரெண்டு காலையும் நிறுத்துப் போட்டு எழுதியிருந்தீர்களே, கண்ணாடி உடைந்து கிடக்கிறது, எழுதக் கைப்பழக்கம் போதும், எனக்குக் கடிதம் வாசிப்பது உதுமான்தான். நீங்கள் எழுதியதில் ஒரு வரி விடாமல் அவனே வாசித்தான். "செல்லம் கொடுக்காதீர்கள்" என்ற இடத்தில் சிரித்தான். அன்று சாயங்காலமே மச்சுப்படியில் ஏறி இறங்கப் புறப்பட்டுவிட்டான்.

ஏறுகிறான். இறங்கும்போதுதான் முழங்கால் ஒரு பக்கமாக வழுக்கிக்கொண்டு போகிறது. சில நேரம் மடக்கின கால் அப்படியே பூட்டிக்கொள்கிறது, கையால் பிடித்து ஆட்டினால்தான் நீளுகிறது. கட்டு வைத்தியர் உளுந்து மாவும் முட்டை வெள்ளைக்கருவும் வைத்துக் கட்டுகிறார், எண்ணெய் விட்டு உருவுகிறார். உருவும்போது பிள்ளை தலையணையைக் கடித்துக்கொள்கிறான். "நோவுதாலே?" என்று கேட்டால், "பிச்சையா காலுக்கு முன்னால இதெல்லாம் ஒரு காலா வாப்பம்மா" என்கிறான்.

ரயில்வே சேதி கேட்டதிலிருந்து அவன் முகமே வேறு. பட்டறை போனபிறகு இந்த வீட்டில் விடிவு வருமென்றால் அந்த வேலையால்தான் வர வேண்டும். மே மாதக் கடைசியில் புறப்பட டிக்கெட் எடுத்தாயிற்று. உங்களை நம்பித்தான் அனுப்புகிறேன்.

துஆச் செய்யும்,
சைனப்

---

தாராவி
19-5-1966

சைனப் மதினிக்கு,

உதுமானை அனுப்ப வேண்டாம் என்று நேற்றுக் கொடுத்த தந்தி வந்திருக்கும். தந்தியில் நாலு வார்த்தைக்கு மேல் எழுத விடவில்லை. தபாலாபீஸ்காரன் "ஜல்தி, ஜல்தி" என்று பின்னால் நிற்கிறவர்களைக் காட்டுகிறான். அதனால் காரணத்தை இதில் எழுதுகிறேன். தயவுசெய்து உதுமான் வாசிக்காமல் ரவூப் அண்ணனை வாசிக்கச் சொல்லுங்கள். இல்லை, உதுமானே வாசிக்கட்டும். அவன் கால் சங்கதி, அவனுக்கும் தெரியட்டும்.

நேற்றுப் பிச்சையாவைக் கடைசியாகக் காட்டப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் மராத்திக்காரர். காலைத் தட்டிப் பார்த்துவிட்டு, "ஓடு, குதி, என்னைத் தேடி வராதே" என்றார். எனக்கு வாய் சும்மா இருக்குமா? உங்கள் கடிதம் இடுப்பில் இருந்தது. அதைப் பிச்சையா கையில் கொடுத்து, கூட்டாளி ஒருத்தனுக்குச் சின்ன வீக்கம், நாள்பட்டு நிற்கிறது, தைலம் எழுதித் தரச் சொல்லு என்றேன்.

படி இறங்கும்போது வழுக்குகிறது, பூட்டிக்கொள்கிறது என்று பிச்சையா இந்தியில் சொல்லச் சொல்ல, அவர் எழுதுவதை நிறுத்திவிட்டார். "உருவுகிறார்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றதும், "முதலில் அதை நிறுத்து" என்று சத்தம் போட்டார். எழுந்துபோய் அறைக் கதவைப் பிடித்து ஆட்டிக் காட்டினார். பலகை பிளந்தால் சட்டம் வைத்து அடித்துவிடலாம் அம்மா, இவனுக்கு நடந்தது அது. அவனுக்குக் கீல் பிடுங்கிக்கொண்டது. கதவு சாத்தின மாதிரிதான் இருக்கும். வேகமாகத் திறந்தால் கையோடு வந்துவிடும். எலும்பு தானாகச் சேரும். முட்டியை இறுக்கிப் பிடிக்கிற நார் அறுந்தால் மாவுக்கட்டு போட்டாலும் ஒட்டாது, உளுந்து வைத்தாலும் ஒட்டாது. அந்தக் காலோடு அவன் மைதானத்தில் ஒருதரம் எம்பி விழுந்தால் ஆயுசுக்கும் கம்புதான் என்றார்.

நான் விடவில்லை. "அப்போ யாருக்கு அடி ஜாஸ்தி?" என்று கேட்டேன். கேட்டே ஆக வேண்டும் எனக்கு. அவர் யோசிக்கவே இல்லை. "அவனுக்கு" என்றார். "விழுந்த உடனே அந்தக் காலில் பாரம் ஏற்றாமல் இருந்திருந்தால் இவ்வளவு வந்திருக்காது. எழுந்து என்ன செய்தான்?"

நான் பிச்சையாவைப் பிடித்து உலுக்கினேன்.

"சொல்லேம்ல" என்றேன்.

"என்னைத் தூக்கினான் ஆச்சி" என்றான். "மைதானத்திலிருந்து ரோட்டுக்கு முதுகில போட்டுக் கொண்டுவந்தான். டாக்ஸியிலிருந்து ஆஸ்பத்திரிப் படியிலும் அவன்தான் ஏத்தினான். நடுவில ஒரு படியில உட்கார்ந்துட்டான். திரும்பவும் எந்திரிச்சான். மூச்சு வாங்குதாக்கும்னு நான் நினைச்சேன்."

மதினி, டீம்காரர்கள் எல்லாருமாகச் சேர்ந்து தூக்கி வந்திருப்பார்கள் என்றே இத்தனை நாளும் இருந்துவிட்டேன். கட்டைப் பார்த்தேன், காலைப் பார்க்கவில்லை. கட்டு எவ்வளவு பெரிசோ அடி அவ்வளவு பெரிசு என்று எனக்குப் புத்தி.

மதுரையில் முட்டிக்கு ஆபரேஷன் செய்கிற டாக்டர் ஒருவர் இருக்கிறாராம். சீட்டு எழுதி வாங்கி இதனுள் வைத்திருக்கிறேன். ஒரு நாளும் தாமதிக்காமல் கூட்டிப் போங்கள். வேலை கிடக்கட்டும், கால் இருக்கட்டும்.

உங்கள் வாசல்படியில் வந்து உட்கார்ந்திருக்கிறதாக நினைத்துக்கொள்ளுங்கள்,
பார்வதி

---

மேலப்பாளையம்
20-5-1966

பார்வதியம்மாளுக்கு,

தந்தி வந்தது. மூணு மாதமாக வா வா என்றீர்கள். பிச்சையா குதிக்க ஆரம்பித்தவுடன் வராதே என்கிறீர்கள். ரெண்டு பேரில் ஒருத்தரைத்தான் எடுப்பார்கள் என்று தெரிந்துபோயிற்றா? வீட்டில் இடமில்லை என்று எழுதியிருந்தாலும் சத்திரத்தில் தங்கச் சொல்லியிருப்பேன். தந்தி என்றதும் யார் மவுத்து என்று தெருவே கூடிவிட்டது. உதுமான் பெட்டியிலிருந்து பனியனை எடுத்துத் திரும்பக் கொடியில் போட்டுவிட்டான்.  ராத்திரி சாப்பிடவில்லை.

24-5-1966

மதினி, மேலே எழுதியதைக் கிழித்துப்போடத்தான் எடுத்தேன். இன்லண்டு வீணாகும் என்று ரவூப் விடவில்லை. இருக்கட்டும், நீங்களும் என்னைத் திட்ட ஒரு காரணம் வேண்டாமா?

உங்கள் கடிதம் இன்றைக்கு வந்தது. உதுமானே வாசித்தான். கீல் சங்கதி வந்ததும், "அப்படியேதான் இருக்கு, வாப்பம்மா, அப்படியேதான் இருக்கு" என்றான். தன் நோவுக்கு ஒரு பெயர் கிடைத்த மாதிரி அவனுக்கு. பிச்சையா சொன்ன இடத்தை மட்டும் வாசிக்காமல் தாண்டினான். ரவூப் பிடுங்கி வாசித்தார்.

எனக்கு அது முன்னமே தெரியும். விழுந்த அன்று ராத்திரியே, "உள்ளுக்குள்ள என்னமோ போயிட்டு வாப்பம்மா, பிச்சையாவைத் தூக்கும்போது டப்புன்னு கேட்டது" என்று சொன்னான். "ஆச்சிகிட்டச் சொல்லாதீங்க, அது பிச்சையாவைப் பாக்குமா என்னைப் பாக்குமா" என்றான். நீங்கள் சின்ன வீக்கம், சின்ன வீக்கம் என்று எழுதும்போதெல்லாம் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. செய்ததைச் சொல்லிக்காட்டினால் செய்தது போய்விடும். அதனால் முழுங்கிவிட்டேன்.

கட்டு வைத்தியருக்குக் கோபம். பரவாயில்லை. வெள்ளிக்கிழமை மதுரைக்குப் புறப்படுகிறோம். தந்தி வராதிருந்தால் அதற்கு மறுநாள் அவன் பம்பாய் ரயிலில் இருந்திருப்பான். உங்கள் வாயை அல்லாஹ் உங்களுக்கு இதற்காகத்தான் கொடுத்திருக்கிறான். சும்மா இராமல் கேட்டீர்களே.

வாசல்படியில் ஏன் உட்கார வேண்டும், உள்ளே வாருங்கள்.
சைனப்

---

தாராவி
18-1-1967

என் சைனப் மதினிக்கு,

பெருநாளும் பொங்கலும் இந்த வருஷம் அடுத்தடுத்து வந்ததில், நீங்கள் அனுப்பிய முட்டை, தேங்காய்ப்பால் வட்டலப்பம் இங்கே வந்து சேரும்போது எப்படி இருக்குமோ என்று பயந்தேன். புளித்துத்தான் இருந்தது. பிச்சையா அப்படியும் தின்றான். வயிற்றுக்கு ஒன்றும் செய்யவில்லை.

எங்கள் வீட்டுப் பிள்ளைகள் சங்கதி:

உதுமான் மதுரை டாக்டர் சொன்னபடி கால் மேல் மணல் பையை வைத்துத் தூக்கித் தூக்கி, தொடையில் திரும்பச் சதை பிடித்துவிட்டான். ரவூப் அண்ணன் சைக்கிள் கடையில் உட்காருகிறான். பாலத்து ஏற்றத்தில் இறங்காமல் மிதித்துப் போகிறான். படி இறங்கும்போது சுவரைத் தொடுவதில்லை. இதெல்லாம் நீங்கள் எழுதியதுதான், உங்களுக்கே திருப்பி எழுதுகிறேன். நான் சொன்னால்தான் எனக்கு ருசி. சாலில் ஒரு வீடு பாக்கியில்லாமல் சொல்லிவிட்டேன்.

அப்புறம் பிச்சையா. ரயில்வே டீமில் ஆடுகிறான், குர்லாவில் வேலை. ஒடிந்த கால் ஒரு நூல் குட்டை, அளந்து பார்த்தால்தான் தெரியும். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் உதுமான் இங்கே விட்டுப்போன பழைய பனியனை உள்ளே போட்டுக்கொள்கிறான். துவைக்கக் கேட்டால் கொடுப்பதில்லை, நாற்றம் தாங்கவில்லை. பிரம்மநாயகம் இன்னும் தப்பில்லாமல் அடிக்கிறான். அய்யாத்துரை இந்த வருஷம் இங்கிலீஷில் பேசினான், அதுவும் விளங்கவில்லை. பூமாரி ஆறாம் வகுப்பில், என்னைத் தாண்டிவிட்டாள்.

உதுமான் இனி எம்ப மாட்டான் என்று மதுரை டாக்டர் சொன்னதை நீங்கள் ஒரே வரியில் எழுதியிருந்தீர்கள். அந்த வரியை நானும் ஒரு தரம்தான் வாசித்தேன்.

இனிமேல் நிறுத்துப் பார்க்க மாட்டேன் என்று எழுதலாம்தான். பொய்யாகப் போகும், என் குணம் உங்களுக்குத் தெரியும். அதனால் சரியாக நிறுத்து எழுதுகிறேன். பிச்சையாவுக்கு எலும்பு ஒடிந்தது, நாலு மாதத்துக்குள் ஒட்டிக்கொண்டது. உதுமானுக்கு நார் அறுந்தது, பிடித்துத் தைத்தார்கள், நடக்கலாம், மிதிக்கலாம், பறக்க முடியாது. பெரிசு அவனுடையதுதான். அந்தக் காலில் ஏறித்தான் என் பேரன் ஆஸ்பத்திரிக்குப் போனான், அங்கிருந்து ரயில்வேக்கும் போனான். எந்தக் கோயிலில் விழுந்து கும்பிட்டாலும் எனக்கு இப்போது ஒரு முழங்கால்தான் கண்ணில் தெரிகிறது மதினி.

ஒன்றே ஒன்று கேட்கிறேன், மறுக்கக் கூடாது. சுவரில் இருக்கிற டீம் போட்டோவில் உதுமான் தலை மட்டும்தான் இருக்கிறது. ஒரு நல்ல ஸ்டுடியோவுக்குக் கூட்டிப்போய் முழு ஆளாக, ரெண்டு காலும் பாதம் வரைக்கும் தெரிகிற மாதிரி, புதிசாக ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள். சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றாலும் சரி, சும்மா நின்றாலும் சரி. உட்கார மட்டும் வேண்டாம்.

பிச்சையா போட்டோவுக்கு மேலே ஆணி அடித்தாகிவிட்டது. வெறும் ஆணியைப் பார்த்து வருகிறவர்கள் எல்லாம் கேட்கிறார்கள். சீக்கிரம் தபாலில் போடுங்கள்.

பார்வதி