ஒரு தடவை எடுத்த ரத்தம்

26 ஆகஸ்ட் 2024, திங்கள்

என் பேத்திக்கு அநியாயம் செய்திருக்கிறார்கள். மகள் ரம்யாவுக்குப் பனிக்குடம் முன்னதாகவே உடைந்து, எட்டாம் மாதத்திலேயே பிறந்த பிள்ளை. பிறந்த சில மணி நேரத்தில் இலுப்பூர் நர்சிங்ஹோமில் ரத்தம் எடுத்தார்கள். கிருமி இருந்தால் ஏறுகிற சி.ஆர்.பி. அளவு குறைவு, கிருமி இல்லை என்றார்கள். ஊசி மருந்தை நிறுத்தி மறுநாளே வீட்டுக்கு அனுப்பினார்கள். நேற்று பிள்ளை பால் குடிக்கவில்லை. கைகால் சில்லிட்டுப் போனது. இப்போது புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கிறது. ரத்தத்தில் கிருமியாம்.

இல்லாத கிருமி இரண்டு நாளில் எங்கிருந்து வந்தது?

27 ஆகஸ்ட்

இங்கே பிள்ளையைப் பார்க்கிற டாக்டர் சரண்யாவை வழிமறித்துக் கேட்டேன். சின்னப் பெண். ஆனால் நின்று பதில் சொன்னார்.

"அய்யா, கிருமி வந்த ஒடனே அந்த அளவு ஏறாது. அரை நாளாவது ஆகும். பொறந்த அன்னிக்கு எடுத்தா கம்மியாத்தான் காட்டும். மறுநா திரும்ப எடுத்துப் பாத்திருக்கணும்."

அப்போது இருந்தது ஆறுக்குள். இப்போது நாற்பத்திரண்டு.

நாற்பது வருடம் பம்புசெட் மோட்டாருக்குக் கம்பி சுற்றிக் காயில் கட்டியவன் நான். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. சுவிட்சைப் போட்ட மறு நொடியே மோட்டாரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, சூடு இல்லை, நல்ல மோட்டார் என்று எவனாவது சொல்வானா? இதை நான் சொன்னதும் சம்பந்தி அழகம்மாள் ஆரம்பித்துவிட்டார்.

"ஞாயித்துக்கெழம கரிநாளு, அதுக்குள்ள பிள்ளைய வீட்டுக்குக் கொண்டு போயிரணும்னு காலண்டரப் பாத்துச் சொன்னது யாருண்ணே? நாந்தானா?"

பார்த்துச் சொன்னேன். கரிநாள் என்று சொன்னேன். மருந்தை நிறுத்தச் சொன்னேனா? நாங்கள் அவசரப்பட்டால் டாக்டர் அவசரப்படலாமா? அழகம்மாளிடம் இப்படித்தான் கேட்டேன். என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு டீ வாங்கப் போய்விட்டார்.

28 ஆகஸ்ட்

அறுபத்தொன்று. ஏறிக்கொண்டே போகிறது.

ராத்திரி முழுக்க போனில் படித்தேன். புரோகால்சிட்டோனின் என்று ரத்தத்தில் பார்க்கிற இன்னொரு அளவு இருக்கிறது. அது இன்னும் சீக்கிரம் ஏறுமாம். ஏன் அதை எடுக்கவில்லை என்றேன். பிறந்த முதல் இரண்டு நாள் அது நல்ல பிள்ளைக்கும் தானாக ஏறும், அதையும் தனியாக நம்ப முடியாது என்றார் டாக்டர். எல்லாவற்றுக்கும் ஒரு பதில்! சரி, சி.ஆர்.பி.யையாவது காலையும் மாலையும் எடுங்கள், ஒரு தடவை எடுத்துக் கெட்டது போதும் என்று சத்தம் போட்டேன்.

நர்ஸ் செபமாலை வெளியே வந்து என் கையிலிருந்த டீ கிளாஸைக் காட்டினார். "தாத்தா, பாப்பா ஒடம்புல இருக்குற மொத்த ரத்தமும் இம்புட்டுத்தான். காலைல கொஞ்சம், சாயங்காலம் கொஞ்சம்னு எடுத்தா, அப்பறம் பாப்பாவுக்கே ரத்தம் ஏத்தணும். எடுக்கவா, சொல்லுங்க?"

கிளாஸைக் கீழே வைத்துவிட்டேன்.

29 ஆகஸ்ட்

கிருமி வளர்கிறதா என்று பார்க்க வைத்த ரத்தத்தில் அது இன்ன கிருமி என்று தெரிந்துவிட்டதாம். மருந்தை மாற்றியிருக்கிறார்கள்.  ரம்யா பாலைப் பீய்ச்சிக் கொடுத்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள்.

30 ஆகஸ்ட்

இன்று ரத்தம் எடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

1 செப்டம்பர்

முப்பது. பிள்ளை அழுதது. வராந்தா வரைக்கும் கேட்டது. அது அழுததற்கு அழகம்மாள் சிரிக்கிறார்.

5 செப்டம்பர்

ஏழு. துபாயிலிருந்து மாப்பிள்ளை வசந்த், "நார்மல் ஆயிருச்சுல்ல மாமா, வீட்டுக்குப் போகச் சொல்லுங்களேன்" என்கிறார். எனக்கு வந்த கோபத்துக்குப் போனை அழகம்மாளிடம் கொடுத்துவிட்டேன்.

"எண்ணு எறங்குனா மருந்து வேல செய்யிதுன்னு அர்த்தம்டா. வேலை முடிஞ்சு போச்சுன்னு அர்த்தமில்ல. வாய மூடு" என்றார் அவர். இதைச் சொல்லத்தான் நானும் வாயைத் திறந்தேன்.

8 செப்டம்பர், ஞாயிறு

இனி நடக்க வேண்டியது.

இலுப்பூர் டாக்டர் குறைமாதப் பிள்ளைக்கு ஒரு தடவை ரத்தம் பார்த்துவிட்டுக் கிருமி இல்லை என்று சொல்லக் கூடாது. மறுநாளும் பார்க்க வேண்டும். சொந்தக்காரன் கரிநாள் என்றாலும் கல்யாண நாள் என்றாலும் அனுப்பக் கூடாது. இதை வியாழக்கிழமை நேரில் போய் அவர் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டியவன் நான். சண்டை போடாமல் சொல்லுங்கள் என்கிறாள் ரம்யா. அதற்கு நான் ஒத்துக்கொள்ளவில்லை.

சரண்யா டாக்டர், நாங்கள் கெஞ்சினாலும், மருந்தை அதன் கடைசி நாள் வரை கொடுக்க வேண்டும். ஜலதோஷம் பிடித்த அழகம்மாள் தும்மல் நிற்கும் வரை உள்ளே வரக் கூடாது. வசந்த் எண் கேட்பதை விட்டுவிட்டுப் பிள்ளைக்குப் பெயர் யோசிக்க வேண்டும். ரம்யா நாளை மத்தியானம் படுத்துத் தூங்க வேண்டும். இரண்டு வாரமாயிற்று அவள் தூங்கி.

அந்த நேரத்துக்குப் பிள்ளையை யாராவது நெஞ்சுச் சூட்டில் வைத்திருக்க வேண்டுமாம். "அப்பா துபாய்ல இருந்தா என்ன, தாத்தா நெஞ்சும் நெஞ்சுதானே" என்கிறார் செபமாலை. ஆகவே நான் குளித்து, நகம் வெட்டி, முன்பக்கம் திறக்கிற சட்டை போட்டுக்கொண்டு போக வேண்டும். போய், ஒரு மணி நேரம் யாரோடும் பேசாமல் உட்கார்ந்திருக்க வேண்டும்.