இடது பக்கம் இரண்டு புள்ளி

போன சனிக்கிழமை உன் கூட்டத்துப் பையன் குணா என் கிளினிக்குக்கு வந்தான். நான் உட்காரச் சொல்வதற்கு முன்பே தன் போனை மேசைமீது வைத்து என் பக்கம் திருப்பினான். திரையில் ஒலியை ஏற்றி இறக்கும் கோடுகள். அந்த அமைப்புக்கு அவன் வைத்திருந்த பெயர் மேலே இருந்தது: "அக்கா". நீதான் அது. நீ போய்ப் பதினோரு மாதம் ஆகிறது. உனக்கென்று ஒரு கல்வெட்டு இருக்கிறதென்றால், இப்போதைக்கு இதுதான்.

"கேட்டுப் பாருங்க மேடம். அக்கா ட்யூனிங். எங்க குரூப்புல எல்லார்கிட்டயும் இருக்கு லா."

கேட்டேன். தைப்பூசத்தன்று ஏதோ ஒரு தண்ணீர்ப் பந்தலின் ஸ்பீக்கருக்குள் தலையை விட்டது போல் இருந்தது. பேஸ் என்கிற கீழ்ச்சுருதி முழுவதையும் ஆறு புள்ளி ஏற்றி வைத்திருந்தார்கள். அது போதாதென்று இடது காதில் வலதைவிட இரண்டு புள்ளி சத்தம் கூட. பாடுபவர் என் இடது தோளில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

"ஏன் ஒரு பக்கமா சாயுது?" என்று கேட்டேன்.

"அதுவா? பெரிய பாடகருங்க மேடையில நட்ட நடுவுல உக்கார மாட்டாங்களாம். கொஞ்சம் இடது பக்கம் தள்ளித்தானாம். அக்கா சொன்னாங்க." அவன் முகத்தில் சிரிப்பே இல்லை.

அந்த ஆறு புள்ளியும் இந்த இரண்டு புள்ளியும் எங்கிருந்து வந்தன என்பது எனக்குத் தெரியும். என் கையிலிருந்து வந்தன. நான் செய்த ஒரு தவற்றை நீ இருந்தவரை உன்னிடம் சொல்லவில்லை. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் அதற்கு முன் உன் கூட்டத்தைப் பற்றி நான் நினைத்ததையும் சொல்லிவிடுகிறேன். நீ இருக்கும்போது அதை மட்டும் ஒருநாளும் மறைத்ததில்லை.

நாம் இருவரும் கெலுகோர் பல்கலைக்கழகத்தில் ஒரே வகுப்பில் பௌதிகம் படித்தோம். பிறகு நீ பொறியாளராகத் தொழிற்சாலைக்குப் போனாய், நான் காதுக்குப் போனேன். முப்பது வருடமாக நான் மனிதர்களைச் சின்ன அறையில் உட்கார வைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொல்லி வருகிறேன்... முப்பது இல்லை, இருபத்தைந்து. கேட்காததைக் கேட்டதாகச் சொல்லி அழுத்துபவர்கள் எல்லா வாரமும் வருவார்கள். அதனால்தான் உன் புதுப் பைத்தியத்தை முதல் நாளே அடையாளம் கண்டுகொண்டேன்.

உன்னைக் கடலுக்கு அக்கரையிலிருந்த பட்டர்வொர்த் ஆபீஸுக்கு மாற்றியபோது அது ஆரம்பித்தது. காலையிலும் மாலையிலும் ஃபெரியில் காதில் ஏதாவது மாட்டிக்கொண்டு போனாய். முதலில் சாதாரண இயர்போன். பிறகு மேடைப் பாடகர்கள் மாட்டுவது போன்ற இன்-இயர் மானிட்டர். பிறகு அதிலேயே இரண்டு ஜோடி, நான்கு ஜோடி. அவற்றை யாராவது இயர்போன் என்று சொல்லிவிட்டால் உனக்குக் கோபம் வந்தது. ஒரு பழைய காரின் விலையைக் காதில் மாட்டிக்கொண்டு ஃபெரியின் இன்ஜின் சத்தத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெண்ணை வேறு எந்த ஊரில் பார்க்க முடியும்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் இழுத்துக்கொண்டு போனாய். டத்தோ கிராமாட்டில் உன் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஒரு கோப்பிக்கடை. ஆறேழு ஆண்கள், நீ ஒருத்தி. மேசையில் கோப்பிக் குவளைகளுக்கு நடுவே நகைக்கடை போலப் பெட்டிகள். ஒருவர் காதிலிருந்து எடுத்ததை இன்னொருவர் துடைக்காமல் தன் காதில் வைத்துக்கொண்டார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு பேச ஆரம்பித்தார்கள். இதில் காற்றோட்டம் இருக்கிறது, அதில் வெதுவெதுப்பு இருக்கிறது, இதன் பின்னணி கறுப்பு, சுத்த நிசப்தமாம், அதன் பின்னணி அவ்வளவு கறுப்பு இல்லை. நூறு மணி நேரம் ஓடவிட்டால்தான் கருவி பழகுமாம். பழகுவது கருவி இல்லை, பணம் கொடுத்தவன் என்று உன் காதருகே சொன்னேன். நீ மேசைக்குக் கீழே என் காலை மிதித்தாய்.

உச்சஸ்தாயியின் மினுமினுப்பைப் பற்றிக் கால்மணி நேரம் பேசினாரே, ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, அவரை நான் சோதித்திருக்கிறேன். அந்த உயரத்தில் அவருக்கு எதுவும் கேட்காது. தொழில் தர்மம், சொல்ல முடியாது. கோப்பியைக் குடித்துக்கொண்டு அவர் மினுமினுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"உனக்கு யாரையுமே மதிக்கத் தெரியாது டி," என்றாய் திரும்பி நடக்கும்போது. "காதைப் பாக்குற, கேக்குறவங்கள பாக்க மாட்ட."

எனக்கு அது அப்போது ஒரு நல்ல வசனமாக மட்டுமே பட்டது.

பிறகு உன் காதுக்கென்றே அளவெடுத்துச் செய்வதற்கு வெளிநாட்டில் ஒரு பட்டறையைப் பிடித்தாய். அவர்களுக்கு இரண்டு காதின் அச்சும் வேண்டும். "ஊருல நீ இருக்க, நான் ஏன் லா வேற ஆள்கிட்ட போறேன்?" என்று வந்து என் நாற்காலியில் உட்கார்ந்தாய்.

அச்செடுப்பது நான் தூக்கத்திலும் செய்கிற வேலை. நூல் கட்டிய சின்னப் பஞ்சை உள்ளே வைக்க வேண்டும். இளஞ்சிவப்பு சிலிகோன் பசையைக் கலந்து காதுக்குள் நிரப்ப வேண்டும். வாய் திறந்திருக்கும்படி பற்களுக்கு நடுவே ஒரு கட்டையைக் கடிக்கக் கொடுத்து, அது இறுகும்வரை ஐந்து நிமிடம் தாடை அசையாமல் இருக்கச் சொல்ல வேண்டும். வலது காது ஒழுங்காக வந்தது. இடது காதில் பசை பாதி இறுகியிருந்தபோது எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"பட்டறைக்காரன்கிட்ட சொல்லிடு, பின்னணி கறுப்பா இருக்கணும்னு. உன் காதுல இருக்குற அழுக்கையும் சேத்தே அனுப்பிவிடுறேன்."

நீ சிரித்தாய். கட்டை வாயிலிருந்து நழுவி மடியில் விழுந்தது. தோள் குலுங்கச் சிரித்தாய்.

அச்சை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். காதுக் குழாயின் இரண்டாவது வளைவில் ஒரு மடிப்பு விழுந்திருந்தது. அதிலிருந்து செய்யும் கூடு காதை முழுதாக அடைக்காது. அங்கே காற்று கசியும். கசிந்தால் முதலில் ஓடிப்போவது கீழ்ச்சுருதி. இதெல்லாம் எனக்கு ஒரு நொடியில் தெரிந்தது. செவிப்புலன் கருவிக்கான அச்சாக இருந்திருந்தால் குப்பையில் போட்டுவிட்டு மறுபடி எடுத்திருப்பேன். ஆனால் இது உன் விளையாட்டுச் சாமானுக்கு. போதும் என்று நினைத்தேன். அந்த வார்த்தையையே நினைத்தேன். பெட்டியில் போட்டு ஒட்டிவிட்டேன்.

மூன்று மாதம் கழித்து அவை வந்தன. கருநீலக் கூடுகள், உள்ளே பொன் துகள் மிதப்பது போல. மறுநாளே கிளினிக்குக்கு வந்தாய்.

"இடது பக்கம் ஒல்லியா இருக்கு டி. கீழ்ச்சுருதியே இல்ல. உன் பக்கம் ஏதாச்சும்..."

"என் பக்கம் ஒன்னும் இல்ல. கேபிளை மாத்திப் பாரு."

கேபிளை நம்பாத நான் சொன்னேன். வெள்ளிக் கம்பி, செப்புக் கம்பி என்று கோப்பிக்கடையில் அவர்கள் மணிக்கணக்கில் பேசுவதைக் கேட்டுச் சிரித்த நான், உன்னை அங்கேயே அனுப்பினேன். நீ என்னை ஒரு கணம் பார்த்தாய். பிறகு "சரி லா, காது டாக்டர் சொன்னா சரிதான்," என்று சிரித்துவிட்டுப் போனாய்.

நீ கேபிள் மாற்றினாய். மறுபடியும் மாற்றினாய். எட்டுப் பின்னலில் ஒன்று வந்தது, சடை போல. ஒவ்வொன்றையும் என்னிடம் கொண்டுவந்து காட்டினாய். ஒவ்வொரு முறையும் நான் கிண்டல் செய்தேன். உண்மையைச் சொல்லக் கிடைத்த ஒவ்வொரு வாய்ப்பையும் கிண்டலால் அடைத்தேன். அந்த அடைப்பில் மட்டும் கசிவே இல்லை. கடைசியில் ஒருநாள் வந்து, "எல்லாம் சரியாயிடுச்சு. கீழ ஆறு புள்ளி ஏத்திட்டேன், இடது பக்கம் ரெண்டு. இப்ப சொர்க்கம்," என்றாய். எனக்கு நிம்மதியாக இருந்தது. உன்னை முட்டாள் என்று நினைத்ததால் வந்த நிம்மதி.

ஆஸ்பத்திரிக்கும் அவற்றைக் கொண்டுபோனாய். கணையத்தில் புற்று என்றார்கள், எட்டு வாரம்தான். ஆறாவது வாரத்தில் உன் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. காதுக்குள்ளும் சதை வற்றும் என்பது எனக்குத் தெரியும். பார்வையாளர் நேரத்தில் நான் வந்தபோது அந்தக் கருநீலக் கூடுகள் உன் காதில் தளர்ந்து தொங்கிக்கொண்டிருந்தன.

"ஒரு அதிசயம் கேளு," என்றாய். "இப்பத்தான் டி ரெண்டு பக்கமும் ஒன்னா இருக்கு."

இரண்டு பக்கமும் கசிந்தது. அதுதான் அதிசயம். அப்போதாவது சொல்லியிருக்கலாம். தலையணையைச் சரிசெய்தேன். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன். நீ என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாய். என்னிடமிருந்து எதற்கோ காத்திருப்பது போல. நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

அவை இப்போது என்னிடம் இருக்கின்றன. உன் தங்கை கொடுத்தாள். "வேற யாருக்கும் பொருந்தாதாம் அக்கா, நீங்களே வச்சிக்குங்க," என்றாள். எனக்கும் பொருந்தவில்லை. இடதுபக்கக் கூட்டில் அந்த மடிப்பு இருந்த இடத்தை விரலால் தடவினால் சின்னப் பள்ளமாகத் தெரிகிறது.

குணாவிடம் வருகிறேன். அவனும் அளவெடுத்துச் செய்யப்போகிறானாம். அச்செடுக்க வந்திருந்தான். அவன் போனை அவன் பக்கமே தள்ளிவைத்தேன். உன் கூட்டம் முழுவதும் ஒரு ஓட்டைக் காதுக்கு ஒட்டுப்போட்டதை வேதமாக வைத்துக் கேட்கிறது என்பதைப் பொறுக்க முடியவில்லை. உனக்காக இல்லை, அவர்களுடைய முட்டாள்தனத்தை ஒரு தரம் முகத்துக்கு நேராகப் பார்த்துவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். அதையும் உன்னிடம் மறைக்க விரும்பவில்லை.

"குணா, இது ட்யூனிங் இல்ல. அவளோட இடது காது அச்சு சரியில்ல. நான்தான் எடுத்தேன். அது கசிஞ்சது, அதை ஈடுகட்ட அவ ஏத்தி வச்சா. உங்களுக்கு இதெல்லாம் தேவையே இல்ல."

அவன் ஆச்சரியப்படவில்லை. தலையைச் சொறிந்தான்.

"தெரியும் மேடம்."

"என்ன தெரியும்?"

"லீக்குன்னு தெரியும். வந்த வாரமே அக்கா கண்டுபிடிச்சிட்டாங்க லா. கேபிள மாத்தினாங்க, பிளேயர மாத்தினாங்க, இடது வயர வலதுல போட்டாங்க. எது மாறினாலும் அந்தப் பக்கம்தான் ஒல்லி. இஞ்சினியர் இல்லையா? எங்க மேசையிலதான் வச்சுப் பாத்தாங்க."

"அப்புறம் ஏன் என்கிட்ட வந்து மறுபடி எடுக்கல?"

"நாங்களும் கேட்டோம். அக்கா சொன்னாங்க, அவ வேலையில தப்பு வந்தா அவளால தாங்க முடியாது. அவளா சொன்னா திரும்ப எடுத்துக்கலாம். அதுவரைக்கும் ரெண்டு புள்ளி ஏத்திக்கிறேன், முடிஞ்சது கதைன்னாங்க."

"பாடகர் இடது பக்கம் உக்காருவார்னு சொன்னியே?"

"அது அக்கா எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது மேடம். நீங்க என்னைக்காவது கேட்டா அப்படிச் சொல்லணும்னு." இப்போது அவன் சிரித்தான், ஆனால் என்னைப் பார்த்து இல்லை. "ஞாயித்துக்கிழமை மொதல் பாட்டு மட்டும் அக்கா ஞாபகமா இந்த செட்டிங்ல கேப்போம். கேக்க நல்லாவே இருக்காது லா. அப்புறம் அவங்கவங்க செட்டிங்."

அந்த மினுமினுப்புக்காரரும் கேட்கிறாராம். கறுப்புப் பின்னணிக்காரரும். ஏழு பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, என் தவற்றை என்னிடம் சொல்லாமல், நன்றாக இல்லை என்று தெரிந்தே ஒரு பாட்டு முழுக்கக் கேட்கிறார்கள். இத்தனை நாளும் கேட்காததைக் கேட்பவர்கள் என்று அவர்களை ஏளனம் செய்தேன். கேட்டதைக் கேட்காதது போல் இருந்திருக்கிறார்கள்.

நான் எழுந்து கையுறை போட்டுக்கொண்டேன். அவன் காதை விளக்கு வைத்துப் பார்த்தேன், பஞ்சை வைத்தேன், பசையைக் கலந்தேன். "கட்டையைக் கடிங்க. சிரிக்கக் கூடாது, பேசக் கூடாது. அஞ்சு நிமிஷம்," என்றேன். நானும் பேசவில்லை. சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

வலது காது நன்றாக வந்தது. இடதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நுனி கொஞ்சம் குட்டையாக இருந்தது. மடிப்பில்லை, குட்டை மட்டும். பட்டறைக்காரன் சமாளித்துவிடுவான்.

குணா எட்டிப் பார்த்தான். "பரவால்ல மேடம், போதும் லா. பாட்டு கேக்கத்தானே?"

"போதாது," என்றேன். அதைக் குப்பையில் போட்டுவிட்டுப் புதிதாகப் பசை கலக்க ஆரம்பித்தேன்.

உன் கூட்டத்தின் மீது எனக்கு இன்னும் பெரிய மரியாதை வந்துவிடவில்லை. நூறு மணி நேரம் ஓடவிட்டால் கருவி பழகும் என்பது இன்னும் உளறல்தான், எட்டுப் பின்னல் கேபிள் இன்னும் சடைதான். இதை நீ எதிர்பார்த்திருப்பாய். ஆனால் 'போதாது' என்ற அந்த ஒரு வார்த்தையை நான்கு வருடம் தாமதமாகச் சொன்னேன், வேறு ஒருவருடைய காதுக்கு. உனக்குச் சொல்லியிருக்க வேண்டியது அது. நீ சாகும்வரை இரண்டு புள்ளி ஏற்றி வைத்துக்கொண்டு காத்திருந்தது அதற்குத்தான் என்று இப்போது தெரிகிறது. அதை நான் சுமந்துகொள்கிறேன். இறக்கிவைக்க இடமில்லை.