வறண்ட கண்மாயில் ரெக்சின் சீட்டு

12.4.1983

மேலிடத்துத் தபால் வந்தது. ஒத்தக்கடை தாண்டி இருக்கிற எங்கள் கண்மாய்ப் படகுத்துறையில் மொத்தம் மூன்று துடுப்புப் படகு, ஒரு டிக்கெட் அறை, பொறுப்பாளர் நான். தண்ணீர் வற்றி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது.

81 தீபாவளிக்கு வந்த ஒருவரின் மனைவி கட்டியிருந்த பட்டுச்சேலை, ரெக்சின் சீட்டின் வெடிப்பில் மாட்டிக் கிழிந்ததாம். அந்தப் புகார் இப்போதுதான் என்னிடம் வந்து சேர்ந்திருக்கிறது. 'இருக்கைகளை உடனே சீர்செய்க. மே 9 அன்று ஆய்வு. தவறினால் படகுத்துறை மூடப்பட்டு, பொறுப்பாளர் ராமநாதபுரத்துக்கு மாற்றப்படுவார்.'

தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

என் மனைவி பத்மாசினிக்கு ஐந்தாம் மாதம். "சீட்டுக்காகவா?" என்று எங்கள் சௌராஷ்டிர பாஷையில் இரண்டு தரம் கேட்டாள். சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை.

15.4.1983

படகுகளைப் போய்ப் பார்த்தேன். வெயிலில் ரெக்சின் அப்பளமாக நொறுங்குகிறது. வெடிப்பு ஓரம் பிளேடு மாதிரி. விரலை வைத்தேன், ரத்தம். அந்த அம்மாள் புகார் எழுதியது நியாயம்தான்.

19.4.1983

ரிக்சாக்களுக்குச் சீட்டு தைக்கிற பால்பாண்டியைக் கூட்டிவந்தேன். கண்மாய்க்குள் நடந்தே போய்ப் படகைச் சுற்றிவந்தார்.

"அண்ணே, ஒண்ணு கேக்கலாமா? தண்ணி எங்கண்ணே?"

"அது வேற டிபார்ட்மெண்ட்."

சைக்கிள் டியூப் சொல்யூஷன் தடவி வெடிப்புகளின்மேல் ஒட்டுப் போட்டார். இன்றைக்கே ஒரு படகு முடிந்தது.

20.4.1983

ஒட்டின சீட்டில் உட்கார்ந்து பார்த்தேன். எழுந்தபோது ஒட்டும் கூடவே எழுந்தது. பேண்டின் பின்பக்கம் சிவப்பு ரெக்சின் துண்டோடு பஸ் ஏறி வீடு வந்தேன். வழியெல்லாம் ஒருத்தரும் சொல்லவில்லை. சொல்ல மாட்டார்களா?

26.4.1983

ஒட்டு வேலைக்கு ஆகாது. பழசை முழுக்க உரித்தோம். உள்ளே தேங்காய்நார் தூளாகிக் கொட்டியது. புது நார், புது ரெக்சின். பால்பாண்டியிடம் இருப்பது ரிக்சாவுக்கு வாங்கி வைத்த மஞ்சள், அதில் பச்சை மயில். வேறு கலர் இல்லையாம். இருக்கட்டும், ராமநாதபுரத்துக்கு மயிலே மேல்.

2.5.1983

இரண்டு படகு முடிந்தது. மூன்றாவதில் கை வைக்க முடியவில்லை. கரையில் டீக்கடை போட்டிருக்கும் ஒச்சம்மாளின் கோழி, சீட்டு வெடிப்புக்குள் நாரைக் குடைந்து பதினோரு முட்டையோடு அடையில் உட்கார்ந்திருக்கிறது. நான் கிட்டே போனால் கொத்துகிறது.

"எடுத்திரும்மா. ஆபீசர் வர்றாரு."

"அதெப்படி சாரு எடுப்பேன்? நேத்துத்தான் உக்காந்துச்சு. இருவத்தோரு நா ஆகணும்ல. ஒங்க ஆபீசரப் பொறகு வரச் சொல்லுங்க."

எழுதிக் கேட்கவா? 'கோழி அடையில் இருப்பதால் ஆய்வைத் தள்ளிவைக்குமாறு...' பேப்பரை எடுத்தேன். வைத்துவிட்டேன்.

9.5.1983

வந்தார். ஷூ போட்ட காலோடு கண்மாய்க்குள் இறங்கி, முதல் படகில் உட்கார்ந்தார். நாலு தரம் எம்பி எம்பிப் பார்த்தார். எழுந்து, பேண்டைத் தடவிப் பார்த்துக்கொண்டார். கிழியவில்லை. இரண்டாவதிலும் அப்படியே. மயிலைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

மூன்றாவதில் கோழி.

"இது என்னய்யா?"

"இந்தப் படகுல... ஆள் இருக்கு சார்."

தலையை ஆட்டிக்கொண்டு எழுதினார். 'இரண்டு இருக்கைகள் திருப்தி. மூன்றாவது உபயோகத்தில் உள்ளது.' கையெழுத்தும் போட்டார்! ஜீப் போன பிறகு நான் உட்கார்ந்தேன், தரையில்.

23.5.1983

ஒன்பது குஞ்சு. மூன்றாவது சீட்டும் தைத்தாயிற்று.

17.8.1983

பெண் குழந்தை. இருவரும் நலம். பத்மாசினி என் கையைப் பிடித்துக்கொண்டே தூங்குகிறாள். ராமநாதபுரத்தில் இருந்திருந்தால்?

21.12.1983

ஆறு நாளாக விடாத மழை. கண்மாய் நிரம்பிவிட்டது!

சீட்டுகளைக் கழற்றிக் கரையில் வைத்துவிட்டுப் படகுகளைத் தள்ளினோம். மூன்றும் வரிசையாக மூழ்கின. எட்டு மாசமாகச் சீட்டையே பார்த்தேன், அடிப்பலகையை ஒரு தரம்கூடப் பார்க்கவில்லை. ஐயோ, எனக்குப் புத்தி எங்கே போச்சு! அழுகையே வந்துவிட்டது.

ஒச்சம்மாள் வந்து எட்டிப் பார்த்தாள். "எதுக்குச் சாரு கலங்குறீக? காஞ்ச பலகை தண்ணி குடிக்குது. ஊறுனா இடுக்கு தன்னால அடைபட்டுப் போகும். அஞ்சு நா விடுங்க."

இவளுக்கு எப்படித் தெரியும்? அவள் அப்பா தோணி ஓட்டியவராம். இதை ஏன் முன்னாடியே சொல்லவில்லை என்றேன். "நீங்க கோழியப் பத்தித்தான கேட்டீக."

24.12.1983

ஆபீஸிலிருந்து நண்பர் போன் செய்தார். கண்மாயில் தண்ணீர் இல்லாத காரணத்தால் படகுத்துறையை மூடி, என்னை ராமநாதபுரத்துக்கு மாற்றும் உத்தரவு டைப் ஆகிவிட்டதாம். நிரம்பிக் கிடக்கிறது என்றேன். "கோப்புல வறண்டுதான்யா இருக்கு" என்றார். உத்தரவை நான் கையில் வாங்கிக் கையெழுத்துப் போடும் நாளிலிருந்து அமல்.

28.12.1983

மூன்று படகையும் தூக்கி நீரை இறைத்தோம். மிதக்கின்றன. ஒரு சொட்டு ஒழுகவில்லை.

முதல் படகில் பத்மாசினியும் குழந்தையும் நானும். துடுப்பு பால்பாண்டி. நடுக்கண்மாய்க்குப் போயிருப்போம், கரையில் போஸ்ட்மேன் சைக்கிள் மணியை அடித்தார்.

"துளசிராம் சாரே! ரிஜிஸ்தர் தபால்! கையெழுத்து வேணும்!"

பத்மாசினி என்னைப் பார்த்தாள்.

"திருப்பவாண்ணே?" என்றார் பால்பாண்டி.

"இன்னொரு சுத்துப் போவோம்."

அடுத்த சுற்று முடிந்தபோது, போஸ்ட்மேன் சைக்கிளை மரத்தில் சாய்த்துவிட்டு ஒச்சம்மாளிடம் டீ சொல்லிக்கொண்டிருந்தார். பால்பாண்டி படகை மறுபடி நடுக்கண்மாய்க்கே திருப்பினார்.